சடையாண்டியின் வூஃபர் பழகிய கதை

ஒரு காட்டில் சடையாண்டி என்றொரு கரடி வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்துவந்தது. அந்தக் காட்டில் காரில் ஏறுகிறவர்கள் பிரேக் பிடிக்குமா என்று கேட்கமாட்டார்கள். டிக்கியைத் தட்டிப் பார்த்து, "பேஸ் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். இலை விழுந்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் முயலுக்குக்கூட 'தும் தும்' என்று அதிர்ந்தால்தான் பயணம் செய்த மாதிரி இருக்குமாம்!

கொம்பையா என்ற காட்டுப்பன்றியின் காரில் பேஸ் அப்படி இருந்தது. அந்தக் கார் தூரத்தில் திரும்பும்போதே மரத்திலிருந்து பிஞ்சும் காயுமாக உதிரும். சடையாண்டியின் காரிலோ கதவில் இரண்டு பழைய ஸ்பீக்கர்தான். சவாரியெல்லாம் பன்றிக்கே போனது. இந்த லட்சணத்தில்தான் பெரிய வீட்டு யானை தன் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் தேட ஆரம்பித்தது. மாப்பிள்ளை யானை அந்தக் காரில் எப்படி ஏறும் என்று நீங்கள் கேட்கிறீர்கள். அங்கே யாரும் கேட்கவில்லை.

அந்தச் சவாரி கிடைத்துவிட்டால் காட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் சடையாண்டியைத்தான் கூப்பிடுவார்கள். கிடைக்காவிட்டால் காரை விற்றுவிட்டுப் பழையபடி தேனெடுக்கப் போகவேண்டியதுதான். தேனீக்கள் பழைய கணக்கை மறந்திருக்குமா? சடையாண்டி தன் மூக்கைத் தடவித் தடவிக் கவலைப்பட்டது.

கையில் இருந்ததையெல்லாம் கொட்டி, நரி நல்லமுத்துவின் கடையில் பேஸுக்கென்றே இருக்கும் புது வூஃபர் பெட்டி வாங்கி டிக்கியில் வைத்தது. பெட்டி பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பாட்டுப் போட்டால் கதவிலிருந்து பழைய கீச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"என்னப்பா நல்லமுத்து, பேஸையே காணோம்?"

நரி டிக்கியைத் திறக்கக்கூட இல்லை. "அண்ணே, புதுசுல்ல! புது மாப்பிள்ளை மாமியார் வீட்ல மொத நாளே ரெண்டாந்தரம் சோறு கேப்பானா? கூச்சப்படுது. மெதுவா வெச்சுப் பழக்குங்க. போகப்போக பேஸ் எறங்கும் பாருங்க."

"கல்யாணத்துக்குள்ள எறங்கிருமா?"

"அது நீங்க பழக்குற பக்குவத்துல இருக்கு," என்று சொல்லிவிட்டு நரி ஷட்டரை இறக்கியது.

டீக்கடையில் இந்த விஷயம் பெரிய விவாதமாகிவிட்டது. எருமை வாயிலிருந்த பன்னை அசைபோட்டபடியே, "பழக்காம எப்படி? புது தோசைக்கல்லுல மொத தோசை முழுசா வருமா?" என்றது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஓரமாக நின்ற கழுதை மட்டும், "பழக்கமாவது ஒண்ணாவது! நான் பொறந்த அன்னைக்கே கத்துனேன். என்னைய யாரு பழக்குனா? டிக்கியத் தொறந்து ஒயரு மாட்டியிருக்கான்னு பாருங்கப்பா," என்றது.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!" என்று கடையே சிரித்தது. சடையாண்டியும் சேர்ந்து சிரித்தது. ஒயரைப் பார்த்துவிடலாமா என்று உள்ளுக்குள் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் கழுதை பேச்சைக் கேட்டு டிக்கியைத் திறந்தது என்று நாளைக்கு நாலு பேர் பேசினால் மானம் என்னாவது?

வீட்டில் அதன் மனைவி பூங்கோதை தோசைக்கல் பழக்குவதில் கெட்டிக்காரி. வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, நல்லெண்ணெயில் தோய்த்து, வூஃபரின் கறுப்பு வட்டத்தைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தது.

"ஏய், அதுல போய் எண்ணெயத் தேய்க்கிறியே!"

"ஏங்க, கறுப்பா, வட்டமாத்தானே இருக்கு? தோசைக்கல்லுக்கு ஆவுறது இதுக்கு ஆவாதா?"

சடையாண்டிக்கு அது நியாயமாகவே பட்டது. காலையில் பக்திப் பாட்டு, மத்தியானம் தாலாட்டு, சாயங்காலம் ஒரே ஒரு குத்துப் பாட்டு, அதுவும் பாதிதான் என்று பத்தியம் வைத்து வளர்த்தது. அக்கம்பக்கத்தார் தினமும் வந்து காது கொடுத்துக் கேட்டு, "நேத்தைக்கு இன்னைக்குத் தேறியிருக்கு," என்றார்கள். சடையாண்டிக்கே தன் அடிவயிற்றில் ஏதோ அதிர்வது தெரிந்தது. சவாரி இல்லாமல் பட்டினி கிடந்தால் வயிறு அப்படித்தான் அதிரும் என்பது பாவம், அதற்குத் தோன்றவில்லை.

கார் பார்க்கும் நாள் வந்தது. கல்யாணப் பந்தலுக்கு முன்னால் முதலில் பன்றி பாட்டுப் போட்டது. பந்தக்கால் ஆடியது. அண்டாவில் இருந்த சாம்பார் துள்ளி வெளியே விழுந்தது. "பலே!" என்றது யானை.

அடுத்து சடையாண்டி சாமியைக் கும்பிட்டுவிட்டுச் சத்தத்தை முழுசாகத் திருப்பியது. கீச்சென்று அதே பழைய சத்தம். கரடி மூக்கைப் பொத்திக்கொண்டது. கண்ணை மூடினால் தேனீக்கள் வரிசை கட்டி வந்தன.

"ஆகா, என்ன அடக்கம்!" என்று எருமைதான் முதலில் வாய் திறந்தது. "நல்லாப் பழகுன வூஃபர்னா இதான்யா. இருக்குற எடமே தெரியல." மற்றவர்களும் கண்ணை மூடி ரசித்தார்கள். இத்தனை நாள் தேறியிருக்கு என்று சொன்ன வாய்களாயிற்றே!

கழுதைக்குப் பொறுக்கவில்லை. டிக்கியைத் திறந்து, தொங்கிக்கொண்டிருந்த ஒயரைப் பல்லால் கவ்வி எடுத்து எல்லோருக்கும் காட்டியது. "பாருங்கய்யா! ஒயரே மாட்டல!"

சடையாண்டிக்கு உயிரே போய்விட்டது. யானை மெல்ல நடந்து வந்து, தும்பிக்கையால் ஒயரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"அடேயப்பா! ஒயரு மாட்டாமலே இப்படின்னா, மாட்டுனா என் பந்தல் தாங்குமா?" என்று அரண்டு போய்க் கேட்டது. "சடையாண்டி, மாப்பிள்ளைய நீதான் அழைச்சுட்டு வரணும். ஒன்னைய கும்பிட்டுக் கேக்குறேன், அந்த ஒயர மட்டும் மாட்டிராத!"

சடையாண்டி சந்தோஷத்தில் ஓவென்று அழுதது. "வேணும்னேதான் மாட்டாம விட்டேன்," என்று கூட்டத்தில் நின்ற நரி, பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது. பன்றி யாருக்கும் தெரியாமல் குனிந்து தன் கார் ஒயரைக் கடித்துத் துப்பியது. மாப்பிள்ளை அழைப்புக்கு எல்லோரையும் காரில் ஏறச் சொன்ன யானை, கழுதையை மட்டும் நடந்து வரச் சொன்னது.

நீதி: புது வூஃபரைப் பழக்கத் தேவையில்லை, ஊரைப் பழக்கினால் போதும். டிக்கியைத் திறந்து பார்க்கிறவன் கல்யாணத்துக்கு நடந்துதான் போகவேண்டும்.