ஹெட்போன் டீச்சர் வாசித்த வினாத்தாள்

மனிதர் எவரையும் நம்பாமல் ஒரு பழைய போனை மட்டும் நம்பிய ஒரே ஆசிரியை, குருவிட்ட ஊர்ப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இருந்த ஹெட்போன் டீச்சர்தான். புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்தால் அந்தப் போன் அதை உரக்க வாசித்துவிடும். வந்த முதல் நாளே, சோதித்துப் பார்க்கிறேன் என்று பாடசாலை அதிபரின் ரொட்டி சுற்றிவந்த பத்திரிகைத் தாளைப் படம் எடுத்தார். போன் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி ஒரு மரண அறிவித்தலை வாசித்தது. அதிபர் ரொட்டியை அப்படியே மூடி வைத்துவிட்டார்.

இத்தனை ஆர்ப்பாட்டமும் ஆறாம் தரத்துச் சுபாஷினிக்காக. காதால் கேட்டதை ஒரு வரி விடாமல் சொல்லுவாள்; புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் பிடிகொடுக்காது. டிஸ்லெக்சியா என்றார் டீச்சர். சோம்பல் என்றார் அதிபர். இந்தத் தவணைப் பரீட்சையிலும் தவறினால் நாலாம் தரத்துப் பிள்ளைகளோடு உட்கார வைப்பதாகவும் சொல்லிவிட்டார்.

சுபா ஹெட்போனில் கேட்டுக்கொண்டே வரிகளை விரலால் தொடர்ந்தாள். மற்றதுகள் சும்மா இருக்குமா? "செவிடு" என்று பட்டம் கட்டின. டீச்சர் பஜாருக்குப் போய், போன் கடைகளில் கழித்துப் போட்டிருந்த ஹெட்போன்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகளும் ஹெட்போனோடு! சுபாவின் வயர் போனில். மற்ற இருபத்தைந்தும் சட்டைப்பைக்குள்.

அதிபர் விழுந்தடித்து ஓடிவந்தார். முன்வரிசைப் பிள்ளையிடம், "என்ன புள்ள கேட்டுக்கிட்டிருக்க?" என்றார்.

"ஒன்னுமே கேக்கல சேர். சுபாவுக்குத் துணைக்குப் போட்டிருக்கோம்."

அவர் என்னை முறைத்தார். அரைச் சுவருக்கு அப்பால் பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த நான், கரும்பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

தவணைப் பரீட்சையில் போனுக்குத் தடை. "வேணும்னா யாராவது வாசிச்சுக் குடுங்க. வினாத்தாள்ல உள்ளத மட்டுந்தான்" என்றார் அதிபர். மேற்பார்வைக்கு நான். டீச்சர் சுபா அருகில் உட்கார்ந்து, முகத்தை மரம்போல் வைத்துக்கொண்டு, அசல் போன் குரலில் ஆரம்பித்தார்.

"வினா. ஒன்று. சரியான. விடையின். கீழ். கோடிடுக."

"ஏன் டீச்சர் இப்படி?" என்று கிசுகிசுத்தேன்.

"அவளுக்கு இந்தச் சத்தந்தான் பழக்கம். நீங்க பேசாம இருங்க."

சுபா டீச்சரின் புறங்கையைத் தட்டினாள், டீச்சர் வாசிப்பை நிறுத்தினார். மறுபடி தட்டினாள், தொடர்ந்தார். மூன்றாம் பக்கத்தில், "கொஞ்சம் ஸ்பீட கூட்டுங்க டீச்சர்" என்றாள். அதையும் கூட்டினார். இரண்டு மணித்தியாலம்! முடிந்து வெளியே வந்தபோது அவருக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை.

சுபாவுக்கு அறுபத்துமூன்று புள்ளி. அதிபர் தாளை இரண்டு தரம் புரட்டிவிட்டு, "சரி, அவ ஆறாம் தரத்துலயே இருக்கட்டும்" என்றார்.

டீச்சர் இப்போது கலவான ஊர்ப் பக்கம் மாற்றலாகிவிட்டார். இருபது வருஷமாகக் கற்பிக்கிறேன். ஒரு பிள்ளைக்காக என் குரலை மாற்றிக்கொள்ள எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அந்த மனுஷியை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.