செத்த கடலும் கறுத்த வெள்ளிக் கும்பாவும்

படித்தவனுக்கு வாய் அடங்காது என்பார்கள். அரைகுறையாகப் படித்தவனுக்குக் கையும் அடங்காது. இரண்டும் அடங்காத ஒருவனைப் பார்க்க வேண்டுமென்றால், முப்பதுகளின் கடைசியில் நீங்கள் தென்காசியில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். (இப்போது வந்தால் வாயை மட்டும் பார்க்கலாம். கை நடுங்குகிறது.)

அப்போது நான் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் ரசாயன டெமான்ஸ்ட்ரேட்டர். அதாவது புரொபசர் பேசுவார், நான் குடுவை கழுவுவேன். ஒரு நாள் அவர் என் கையில் கன்னங்கரேலென்று ஒரு கல்லைக் கொடுத்தார். ஷேல் என்று பெயர். ஆதிகாலத்துக் கடலடிச் சேறு ஏடு ஏடாகப் படிந்து இறுகிக் கல்லானது. “இதைக் கேட்டால் அந்தக் கடலில் காற்று இருந்ததா இல்லையா என்று சொல்லும்” என்றார். அவ்வளவுதான், எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. சாப்பிடும்போதும் அந்தக் கல் என் இலைக்குப் பக்கத்தில் இருக்கும். அம்மா அதற்கும் ஒரு கரண்டி சோறு வைக்கட்டுமா என்று கேட்டாள்.

இந்த லட்சணத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். இரண்டு இடம் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தது. “ரசாயனம்னா என்ன, லேகியம் கிண்டுத சோலியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாவது இடம் கடையத்துக்காரர்கள். சீசனுக்குக் குற்றாலத்தில் வீடு பிடித்துத் தங்கியிருந்தார்கள். பெண் பார்ப்பதும் அங்கேயே என்று ஏற்பாடு.

பெண்ணை நான் முந்தின நாளே பார்த்துவிட்டேன். பேரருவிக்குப் போகிற வழியில் ஒரு குரங்கு அவள் துண்டைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறியிருந்தது. கூட வந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். அவள் போடவில்லை. ஒரு வாழைப்பழத்தை உரித்து நீட்டினாள். குரங்கு இறங்கி வந்து துண்டை விட்டது. துண்டை எடுத்துக்கொண்டாள். பழத்தையும் தானே தின்றுவிட்டாள்! குரங்கு அவளைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். கடையத்துக் கோமதி அவள்தான் என்று தெரிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் குதிரைவண்டியில் போகும்போது அப்பா சொன்னார்: “ஏலே, அங்கன போயி வாயைத் தொறக்காத. கேசரியைத் தின்னு, காப்பியக் குடி, வா.” தலையாட்டினேன். என் காலடியில் இருந்த பையில் அந்தக் கல்லின் பொடி, துத்தநாகத் துண்டு, ஆசிட் சீசா, குடுவை, ஸ்பிரிட் விளக்கு எல்லாம் இருந்தது அப்பாவுக்குத் தெரியாது. பூவும் பழமும் அம்மா பையில் இருந்தன.

வெளியே நல்ல சாரல். சன்னல்களையெல்லாம் அடைத்திருந்தார்கள். (இந்தச் சன்னலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) கூடத்தில் என் முன்னால் அந்த வீட்டுப் பரம்பரைச் சொத்தான வெள்ளிக் கும்பா நிறைய மங்குஸ்தான் பழம். கோமதி காப்பி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். அவள் அப்பா சாது. அம்மா நல்ல மாதிரி. தாய்மாமன்தான் ஆபத்து. கொழும்பில் கடை வைத்திருந்தவர். அந்த வீட்டில் மாமா தலையசைக்காமல் எதுவும் நடக்காது. அவரோ வேறொரு மாப்பிள்ளையை மனதில் வைத்திருந்தார்.

“தம்பி என்ன சோலி பாக்காவ?” என்றார் மாமா, தெரியாதவர் போல.

அப்பா என் தொடையைக் கிள்ளினார். நான் வாயைத் திறந்தேன்.

“கடல்ல காத்து கலந்திருந்தா அடிச்சேத்துல உள்ள இரும்பு துருப்பிடிச்சுச் செவந்துரும் மாமா. காத்து இல்லன்னா செத்தது எதுவும் சரியா மக்காது. கந்தகம் வந்து இரும்பைப் பிடிச்சுக்கிடும். சேறு கறுத்துப்போவும். பொறவு அது கல்லானாலும் அந்தக் கந்தகம் உள்ளயே இருக்கும். அதைப் பாத்து, இந்தக் கடல் மூச்சில்லாமச் செத்த கடல்னு சொல்லிரலாம்.”

“கல்லு சொல்லுதாக்கும்!” என்று மாமா சிரித்தார். “நம்ம குளத்தாங்கரைக் கல்லு என்ன சொல்லுதுன்னும் கேட்டுச் சொல்லும்.”

கதவோரம் கோமதி சிரிக்கவில்லை. “கடலு எப்பிடிச் சாவும்?” என்று கேட்டாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் கேள்வி கேட்டால், கிறுக்கனாக இல்லாதவன் புன்னகை செய்வான். நான் பையை அவிழ்த்தேன்.

காலேஜில் ஒரு சிட்டிகைப் பொடிதான் போடுவோம். காதல் வந்தவனுக்குச் சிட்டிகை போதுமா? ஒரு கைப்பிடி போட்டேன். துத்தநாகம் போட்டேன். ஆசிட்டை ஊற்றி விளக்கில் காட்டினேன். பொங்கியது பாருங்கள்! பல கோடி வருஷமாக அடைபட்டுக் கிடந்த கந்தகம், சன்னல் அடைத்த கூடத்தில் ஒரே மூச்சாக வெளியே வந்தது.

“ஐயய்யோ, அழுகுன முட்டை!” என்று அலறினார் மாமா.

சைவ வேளாளர் வீடு. முட்டை என்ற சொல்லே அந்த வாசல்படி ஏறாது. எல்லோரும் மூக்கைப் பொத்தியபடியே மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏன்வே,” என்றார் சாதுவான கோமதியின் அப்பா மெதுவாக, “முட்டை நாத்தம் எப்பிடி இருக்கும்னு உமக்கு எப்பிடித் தெரியும்?”

மாமா சன்னலைத் திறக்கப் போகிறவர்போல் எழுந்தார். கோமதி முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது. மாமாவைப் பார்த்த அந்தக் கண்ணில், பழத்தை நீட்டிக் குரங்கைப் பார்த்த அதே பார்வை.

சன்னலைத் திறந்தார்கள். அப்போதுதான் அவள் அம்மா கும்பாவைப் பார்த்தாள். வெள்ளிக் கும்பா கறுத்துப்போயிருந்தது. “ஆத்தி! தெய்வக் குத்தம் வந்துட்டே!” என்று உட்கார்ந்துவிட்டாள். வெள்ளியில் கந்தகம் பட்டால் அப்படித்தான் ஆகும் என்று விளக்க வாயெடுத்தேன். அப்பா என்னைக் காதைப் பிடித்து வண்டியில் ஏற்றினார். இருபத்து மூன்று வயதுக் காது!

“பொண்ணு பாக்கப் போன எடத்துல நாத்தத்தைக் கெளப்பிட்டு வந்த மொத ஆளு நீதாம்லே” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் போய்விட்டாள், என் வாயாலேயே போய்விட்டாள் என்று சாரலில் முகத்தை நீட்டிக்கொண்டு வந்தேன். நனைந்தால் கண்ணீர் தெரியாது அல்லவா?

அடுத்த வாரம் எங்கள் வீட்டு வாசலில் வெற்றிலை பாக்கோடு வந்து நின்றவர் யார் தெரியுமா? கொழும்பு மாமா. “இந்த மாப்பிள்ளையைப்போல விஞ்ஞானி சீமையிலகூடக் கிடையாது அண்ணாச்சி” என்றார். அப்பா அவருக்குக் காய்ச்சலா என்று பார்த்தார்.

நடந்ததைக் கல்யாணத்துக்குப் பிறகு கோமதிதான் சொன்னாள். “மாமாகிட்டத் தனியாப் போயி, கொழும்புல எந்தக் கடையில முட்டை தின்னியன்னு கேட்டேன். தாலி ஏறுதவரைக்கும் வாயைத் தொறக்க மாட்டேம்னு சத்தியம் பண்ணுனேன்.” தாலி ஏறிய மறுநாள் காலையிலேயே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். துண்டும் போச்சு, பழமும் போச்சு மாமாவுக்கு.

“நான் செய்த கூத்தைப் பார்த்துமா என்னைக் கேட்டாய்?” என்றேன்.

“ஒரு கடல் செத்ததுக்கே இந்தப் பாடு படுத மனுசன், பொண்டாட்டியைக் கண்கலங்க விடமாட்டாவன்னு நெனச்சேன். சமையலுக்கு ஒரு கை உதவுவியன்னும் நெனச்சேன். அதுல ஏமாந்துட்டேன்.”

அந்தக் கும்பாவைச் சீரோடு கொண்டுவந்தாள். ஒரு சிட்டிகை திருநீற்றைப் போட்டுத் தேய்த்தால் பளபளத்துவிடும். தேய்க்க விடவில்லை. “உங்க கல்லு மாதிரித்தான் இதுவும். அன்னைக்கு எங்க கூடத்துக் காத்து எப்பிடி இருந்துதுன்னு இது சொல்லும்” என்பாள். நாலு பேர் நடுவில் நான் கடல், கந்தகம் என்று ஆரம்பித்தால் போதும், பேசாமல் கும்பாவை எடுத்துவந்து என் முன்னால் வைப்பாள். எனக்குப் பேச்சு நின்றுவிடும்.

கோமதி போய்ச் சில வருஷம் ஆகிறது. வீடு பெரிதாக இருக்கிறது, பேச்சை நிறுத்த ஆள் இல்லை. போன பொங்கலுக்குப் பேரன் கட்டிவந்த புதுப்பெண் பாத்திரங்களைத் துலக்க எடுத்தபோது, கும்பாவில் திருநீற்றைப் போட்டுவிட்டாள். வீடே பதறியது. எல்லோருக்கும் முன்னால் கத்தியவன் நான்தான்: “ஏட்டி, அதைத் தொடாத!”

பயந்துபோய், “ஏன் தாத்தா?” என்றாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “கடல்ல காத்து கலந்திருந்தா...” என்று ஆரம்பித்தேன். அதற்குள் யாரோ கும்பாவை எடுத்துவந்து என் முன்னால் வைத்துவிட்டார்கள்.