பத்தரை அங்குலக் கையும் மூன்றாம் ஓலையும்

சேசு மரி சூசை துணை

வில்லியனூர் கொம்யூன்
22-1-1974, செவ்வாய்

காரைக்காலில் சர்க்கார் உத்தியோகத்திலிருக்கும் என் மரியாதைக்குரிய மச்சான் அந்தோணிசாமி அவர்களின் சமூகத்துக்கு டெய்லர் மரியதாஸ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும், தங்கள் தங்கை அன்னாமேரியும், என் மகளும் தங்கள் மருமகளுமான செலின் மேரியும், தையல் மெஷினும் ஆண்டவர் கிருபையால் நலம். மெஷினுக்குப் போன வாரம்தான் எண்ணெய் போட்டேன். தாங்களும் வீட்டில் எல்லோரும் நலமென்று நானே முடிவு செய்துகொண்டு நலம் விசாரிப்பதை இத்துடன் நிறுத்துகிறேன். எனக்கு வந்திருக்கும் கோபத்துக்கு அதற்கு மேல் பொறுமையில்லை.

விஷயம் இதுதான். செலின் மேரிக்கும் மடுகரை சூசைநாதனுக்கும் கோயிலில் இரண்டு கலியாண ஓலை வாசித்தாகிவிட்டது. வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை. அதையும் வாசித்துவிட்டால் பிறகு யார் சொல்லியும் பயனில்லை, பிப்ரவரி நாலாம் தேதி கலியாணம். போன ஞாயிறு பூசையில் சாமியார், "இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் எம்மிடம் அறிவிக்கக் கடவார்கள்" என்று வாசித்து நிறுத்தியபோது எழுந்து நிற்கலாமென்று காலை ஊன்றினேன். அந்த நேரம் பெண்கள் பக்கத்திலிருந்து தங்கள் தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். தங்களுக்குத் தெரியாத பார்வையா அது? முழங்கால் போடப் போனவன் போல அப்படியே முழங்கால் போட்டுவிட்டேன். ஆகவே இந்தத் தடையைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும். தாய்மாமன் தந்தி கொடுத்தால் சாமியார் தள்ளமாட்டார். என்ன தடை என்று கேட்பீர்கள். மாப்பிள்ளைக்குக் கை பத்தரை அங்குலம்.

சிரிக்க வேண்டாம் மச்சான். இருபத்தாறு வருஷமாக இந்த ஊரில் இஞ்சி டேப் பிடிக்கிறவன் நான். யாருக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது என் அளவுப் புத்தகத்தில் இருக்கிறது. போன வருஷம் ஜனவரியில் பம்புசெட் மெக்கானிக் சூசைநாதன் பெண் கேட்டு வந்தபோது நான் சாதி கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை, சட்டையை மடித்துவிடச் சொல்லி மேல்கையின் சுற்றளவைத்தான் அளந்தேன். பத்தரை. "பதிமூணு ஆனதும் வாப்பா" என்றேன். மரியாதையாகத்தானே சொன்னேன்? அவன் சிரித்துக்கொண்டே, "கை இன்னா மாமா, வேல செஞ்சா போதாதா?" என்று கேட்டான். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்பிடியா? எங்க வூட்டு ஆட்டுக்கல்லத் தூக்கினு வந்து வாசல்ல வெச்சிட்டுப் பொண்ணு கேளு, குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஆட்டுக்கல் தங்களுக்குத் தெரியும். தாங்கள் தங்கைக்குச் சீராகக் கொடுத்தது, வண்டியிலிருந்து நாலு பேர் இறக்கி வைத்தது. பதிமூன்று அங்குலம் ஆகாமல் எவனும் அதைத் தொட முடியாது என்ற தைரியத்தில் சொன்னேன். இப்போது யோசித்தால் அந்தக் கல்லைச் சீராகக் கொடுத்த தங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

அவன் போய் ஒழுங்காகத் தேகப்பயிற்சி செய்திருந்தால் எனக்கு ஆட்சேபமில்லை. நம் பூரணாங்குப்பம் மரியசுந்தரம் செய்கிறாரே, அதல்லவா பயிற்சி! காலையில் கண்ணாடி முன் நின்று ஸ்பிரிங்கை இருநூறு இழுப்பு, சாயங்காலம் இருநூறு. வேர்வை வழிந்து பனியனைப் பிழியலாம். ஆறு முட்டை, மொச்சைச் சுண்டல். கை பதினைந்தேகால். அவருக்குச் சட்டை வெட்டும்போது எனக்கே ஒரு பெருமை. உண்மையைச் சொன்னால், செலின் மேரிக்கு அவரைத்தான் மனதில் வைத்திருந்தேன். இந்தச் சூசைநாதன் என்ன செய்கிறான் என்று பார்க்க, தைத்த சட்டைகளைக் கொடுக்கிற சாக்கில் மடுகரைக்கே போனேன். கொட்டகையில் ஒரு கோணி மூட்டை, அதில் மணல். மூட்டையைக் கட்டிப்பிடித்து ஐந்து தரம் தூக்கி இறக்கினான். அவ்வளவுதான். பிறகு உட்கார்ந்து பேப்பர் படித்தான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், முழுசாக ஐந்து நிமிஷம்! மறுபடி ஐந்து தரம். மறுபடி பேப்பர். மூச்சு வாங்கவில்லை, வேர்க்கவில்லை, இன்னும் இரண்டு தரம் தூக்கத் தெம்பு இருக்கும்போதே போதும் என்று கையைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டான். அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். வாரத்துக்கு ஒரு படி மணல் கூடப் போடுவானாம். சாப்பாடு எப்போதும் போலக் கூழும் கருவாடும். தூக்கியது பத்து நிமிஷமென்றால் உட்கார்ந்தது ஒரு மணி. இதற்குப் பெயர் பயிற்சியா மச்சான்? சர்க்கார் ஆபீசில் இருக்கும் தாங்களே சொல்லுங்கள்.

இதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று விசாரித்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா சிங்காரவேலு. அவரிடமே போய்ச் சண்டை பிடித்தேன். "ஏன்யா, புள்ளைக்கி இப்பிடி சோம்பேறித்தனம் கத்துக்குடுக்கறே? சதை எங்கய்யா?" என்றேன். அவர் நிதானமாக மீசையைத் தடவிக்கொண்டு, "சதை இருக்கறது போதும் டெய்லரே. வில்லியனூர்த் தேர் பாத்துக்கிறியா? வடத்துல ஆயிரம் பேர் கைய வெச்சிருக்கான். பாதிப் பேரு சும்மா தொட்டுக் கும்புட்டுட்டு நிக்கறான். மீதிப் பேரு ஆளுக்கொரு நேரத்துல இழுக்கறான். தேர் நவுருமா? நவுராது. இன்னும் ஆயிரம் பேரக் கூப்புடணும்னு இல்ல. இருக்கறவன் அத்தினி பேரையும் ஒரே சத்தத்துக்கு இழுக்க வெச்சாப் போதும். கனமாத் தூக்கு, கொஞ்சமாத் தூக்கு, களைக்கறதுக்குள்ள வுட்டுடு. நரம்பு கத்துக்கும், சத்தம் குடுக்க" என்றார். கிறிஸ்தவனிடம் வந்து தேர்க்கதை சொல்கிறார் என்று கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். வருஷா வருஷம் அந்தத் தேரைப் பார்க்கப் போகிறவன்தான் நான், அது வேறு விஷயம். மாதம் ஒரு தரம் சூசைநாதன் கடைப்பக்கம் வரும்போதெல்லாம் பிடித்து வைத்து அளந்தேன். பிப்ரவரி பத்தரை. மே பத்தரை. ஆகஸ்டு பத்தரை. புத்தகத்தில் பக்கம் 114, தாங்கள் வந்து பார்க்கலாம்.

இப்போது கல்லுக்கு வருகிறேன். போன நவம்பர் கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் பின்கட்டுக்குச் சிமெண்டுத் தரை போட்டோம். கொத்தனார் ஆட்டுக்கல்லை நகர்த்தச் சொன்னார். நான் மரியசுந்தரத்துக்குச் சொல்லியனுப்பினேன். இதுதான் சமயம், தங்கள் தங்கை ஒரு தரம் பார்க்கட்டும் என்று ஒரு எண்ணம். அவர் வந்தார், கையை முறுக்கிக் காட்டினார், குனிந்து பிடித்தார். கல் அரை அங்குலம் எழுந்தது. அதே நேரத்தில் கக்கத்திலிருந்து இடுப்பு வரை சட்டை பர்ரென்று கிழிந்தது. என் கையால் இரட்டைத் தையல் போட்ட சட்டை மச்சான்! கல் உட்கார்ந்துவிட்டது. "கல்லு தரையோட ஒட்டிக்கிச்சு டெய்லரே" என்று சொல்லி இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். அப்போது பார்த்து, பம்பு பார்க்க வந்தவன் போலச் சூசைநாதன் பின்வாசலில் நிற்கிறான். எங்கள் வீட்டில் பம்பே கிடையாது. தங்கள் தங்கைதான் ஆள் விட்டு வரவழைத்தாள் என்பது பிறகு தெரிந்தது. அவன் குழவியை எடுத்துத் தனியே வைத்தான். ஒரு கோணியைச் சுற்றினான். கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தான். பன்னிரண்டு அடி நடந்தான். "எங்க வைக்கணும் மாமா?" என்று கேட்கிறான், தூக்கிக்கொண்டே! கொத்தனார்தான், "வாசல்லதான வைக்கச் சொன்னாரு டெய்லர்" என்றார். வாசலில் போய்ச் சத்தமில்லாமல் வைத்தான். குழவியைத் தனியாக எடுத்தது செல்லாது என்று நான் சொன்னேன். திரும்பி வந்து குழவியையும் ஒற்றைக் கையில் எடுத்துப் போய் வைத்தான். சட்டையில் ஒரு பொத்தான் தெறிக்கவில்லை. அங்கேயே டேப்பை எடுத்து அளந்தேன். பத்தரை!

அன்றிலிருந்து இந்த ஊரில் என் டேப்புக்கு மதிப்பில்லை. கரும்பு வண்டிக்காரன் செல்லக்கண்ணு சட்டை தைக்க வருகிறான், கையை நீட்டச் சொன்னால், "கைக்கு டேப்பு எதுக்கு டெய்லரே, ஆட்டுக்கல்லக் கொண்டா, தூக்கிக் காட்டறேன், அத்த எழுதிக்கோ" என்கிறான். கடையே சிரிக்கிறது. நிச்சயம் ஆனபின் மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் மெஷினில் உட்கார்ந்து காலர் அடித்துக்கொண்டிருக்கிறேன். செலின் மேரி அடியில் பெருக்க வேண்டும் என்றாள். இவர் பேசிக்கொண்டே மெஷினை மேஜையோடு ஒரு பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான் காற்றில் மிதித்துக்கொண்டிருக்கிறேன். நூல் அறுந்தது, ஊசி முறிந்தது, காலர் எருமைக் காது மாதிரி ஆகிவிட்டது. ஒருத்தர்கூட ஐயோ என்று சொல்லவில்லை, நன்றாகப் பெருக்கியாயிற்றா என்று கேட்கிறாள் தங்கள் தங்கை. மகளிடம் நியாயம் கேட்டேன். அவள், "அப்பா, காக்கித் துணிய எட்டு மடிப்பு ஒரே வெட்டுல வெட்டறியே. கல்யாணமான புதுசுல மூணு மடிப்புக்கே கத்திரிய வெச்சிட்டுக் கைய ஒதறுவியாம், அம்மா சொல்லுது. அன்னிலேந்து உன் கை எத்தினி இஞ்சி ஏறிச்சு?" என்றாள். நான், "போய்த் தண்ணி கொண்டா" என்றேன்.

மச்சான், தாங்கள் நினைப்பீர்கள், இந்த ஆள் அங்குலத்தைப் பிடித்துக்கொண்டு பெண்ணின் வாழ்வைக் கெடுக்கிறானே என்று. தங்கள் தங்கைக்கும் முழுதாகச் சொல்லாததைத் தங்களுக்கு எழுதுகிறேன். செலின் மேரிக்கு நாலு வயதில் விஷ ஜுரம் வந்ததே, அந்த ஐப்பசி மழையில் வண்டி இல்லை, சாலை முழுக்கத் தண்ணீர். நான்தான் தூக்கிக்கொண்டு நம் கிராமத்திலிருந்து வில்லியனூர் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். என் கை அன்றும் பத்து, இன்றும் பத்து. பெரிய சாலைக்குக்கூடப் போகவில்லை, தெருக்கோடி மதகுக்கட்டையிலேயே இறக்கி வைத்தேன். அப்புறம் மைல் கல்லில் ஒரு தரம். மூன்றாம் தரம் இறக்க இடமில்லை, தண்ணீரிலேயே முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டேன், பிள்ளை முனகக்கூட இல்லை. சூளையில் வேலை செய்கிற யாரோ ஒரு ஆள் வந்து என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு ஓடினான். பிள்ளை பிழைத்தது அவனால். அவன் பேரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. முகமும் மறந்துபோய்விட்டது. கை மட்டும் கண்ணில் நிற்கிறது. பதினைந்துக்குக் குறையாது. என் மகளைக் கட்டுகிறவன் அவளை எங்கும் நடுவழியில் இறக்கி வைக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். பத்து அங்குலத்தின் லட்சணம் பத்து அங்குலக்காரனுக்குத்தான் தெரியும். கல்லைத் தூக்கினான், சரி. கல்லுக்கு ஜுரம் வருமா?

ஆகவே தயவு செய்து சனிக்கிழமைக்குள் சாமியாருக்குத் தந்தி கொடுக்கவும். வாசகம் நானே எழுதிவிட்டேன்: "மாப்பிள்ளை கை பத்தரை. ஓலை நிறுத்தவும். தாய்மாமன்." இதைத் தங்கள் தங்கையிடம் சொல்லிவிடாதீர்கள்.

தங்கள் வீட்டு அடுப்பும் விளக்கும் குறைவில்லாமல் இருக்கவும், பிள்ளைகள் பரீட்சையில் தேறவும், தங்களுக்கு உத்தியோகத்தில் ஏற்றம் வரவும் தேவமாதாவை மன்றாடி, எல்லோருக்கும் என் அன்பையும் ஆசீரையும் சொல்லி முடிக்கிறேன்.

இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
மரியதாஸ், டெய்லர்

பி.கு.: ஒட்டின உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தந்தி வேண்டாம். மாப்பிள்ளையின் கோட்டு பத்து நாளுக்கு முன்பே வெட்டியாகிவிட்டது. என் மருமகனை இன்னொரு டெய்லரிடம் அனுப்புவேனா?

இன்னொன்று. கல்லறைத் திருநாளுக்கு மறுநாளிலிருந்து கடைக்குப் பின்னால் வெட்டுத்துணி போடுகிற அறையில் நானும் ஒரு மணல் மூட்டை வைத்திருக்கிறேன். அந்தச் சொல்தா சொன்னது பொய் என்று நிரூபிக்கத்தான் ஆரம்பித்தேன். ஐந்து தரம், ஐந்து நிமிஷம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். உட்கார்ந்திருக்கும்போது பொத்தான் தைப்பேன்.

இன்று மதியம் செலின் மேரி அந்தப் புதுத் தரையில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டாள். மாப்பிள்ளை மடுகரையில், வண்டி எதுவும் இல்லை. வைத்தியர் வீடு மதகைத் தாண்டி நாலாவது வீடு. அவள், "எறக்கி வுடுப்பா, ஊரே பாக்குது" என்று கத்திக்கொண்டே வந்தாள். மதகுக்கட்டை வந்தது. அங்கே அவள் கத்துவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், ஏன் என்று தெரியவில்லை. நான் இறக்கவில்லை. வைத்தியர் வீட்டுப் பெஞ்சு வரையில் எங்கும் இறக்கவில்லை மச்சான். கட்டுப் போட்டிருக்கிறார், கலியாணத்துக்குள் சரியாகிவிடும்.

வந்ததும் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு கையை அளந்தேன். பத்து. தங்கள் மார்பும் தோளும் அளந்து உடனே எழுதவும், தங்களுக்குக் கலியாணச் சட்டைக்குத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். கை அளவு வேண்டாம்.