நன்றி சொன்னால் தெளியும் ஆறு

மலைநகரமான கொச்சபம்பாவில் அன்று கல்லூரி அரங்கில் கால் வைக்க இடமில்லை. ஆன்மிக குரு மாஸ்ட்ரோ அமாதேயோ வந்திருந்தார். 'சுற்றுச்சூழலும் மனித விழுமியங்களும்' என்ற கட்டாயப் பாடத்தை இனி அவர்தான் நடத்துவார். ஆறு நாறுவது தோல் தொழிற்சாலைக் கழிவால் அல்லவாம், மனிதரின் கெட்ட எண்ணங்களாலாம். எத்தனை சௌகரியம்! தொழிற்சாலை முதலாளிக்கும் சௌகரியம்தான். மாஸ்ட்ரோவை வரவழைத்ததே அவர்தானே.

மாணவி நெய்சாவுக்கு மட்டும் வயிறு எரிந்தது. அவள் வீடு ஆற்றின் கீழ்ப்பக்கம். அம்மா போட்ட மக்காச்சோளம் அந்தத் தண்ணீரில் கருகிக்கொண்டிருந்தது. கழிவுக் குழாயை மூடச் சொல்லும் மனுவில் வகுப்பே கையெழுத்திடுவதாக இருந்தது. மாஸ்ட்ரோ வந்ததும் எல்லோரும் பேனாவை மூடிவிட்டு அவர் விற்ற 'மனசாட்சிக் கல்' வாங்க வரிசையில் நின்றார்கள். கல் இல்லாதவருக்கு மதிப்பெண் இல்லை.

மேடையில் இரண்டு ஜாடிகள், இரண்டிலும் கலங்கிய ஆற்றுநீர். ஒன்றைக் கல்லால் கலக்கி, "நன்றி தாயே" என்று அரங்கமே உருகியது. இன்னொன்றைக் கரண்டியால் கலக்கித் திட்டித் தீர்த்தது. உரை முடிவதற்குள் நன்றி கேட்ட ஜாடி தெளிந்தது, திட்டு வாங்கியது கலங்கியே கிடந்தது. மாணவர்கள் கண்ணீர் விட்டார்கள். வேதியியல் மாணவர்களும்தான், அதுதான் கொடுமை.

நெய்சா எழுந்தாள்.

"மாஸ்ட்ரோ, மாத்திச் செஞ்சு பாக்கலாமா? கல்லப் போட்டுத் திட்டுவோம். கரண்டியப் போட்டு நன்றி சொல்லுவோம்."

"பிரபஞ்சத்தையே சோதிக்கிறியாம்மா?"

"பிரபஞ்சத்த இல்ல. ஜாடியத்தான்."

"திட்டுறதுக்கு நான் ரெடி!" என்று அவள் வகுப்புத் தோழன் ரோலோ தன் கல்லோடு மேடையில் ஏறினான். புதிதாக ஆற்றுநீர் நிரப்பினார்கள். அவன் திட்டிய திட்டில் முன்வரிசைப் பேராசிரியைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். சற்று நேரத்தில் திட்டு வாங்கிய ஜாடி பளிச்சென்று தெளிந்தது. நன்றி கேட்டது அப்படியே இருந்தது.

"படிகாரம்! எங்கப்பா சவரம் பண்ணிட்டு மூஞ்சியில தேய்ப்பாரே, அதே கல்லு!" என்றாள் நெய்சா.

"இருக்கட்டுமே. தண்ணி சுத்தமாச்சா இல்லையா?" என்றார் மாஸ்ட்ரோ, அசராமல்.

நெய்சா சுரைக்குடுவையில் அந்தத் தெளிந்த நீரை மொண்டு இரு கைகளாலும் நீட்டினாள். "அப்ப குடிங்க மாஸ்ட்ரோ."

அந்த ஊரில் குடுவையை நீட்டினால் மறுக்கக் கூடாது. பூமித்தாய் பச்சமாமாவுக்கு ஒரு துளி ஊற்றிவிட்டு, மீதியைக் குடிக்க வேண்டும். மாஸ்ட்ரோ குடுவையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு பக்தியோடு குனிந்து, மொத்தத்தையும் தரையில் ஊற்றினார்.

"எல்லாம் தாய்க்கே!"

"அடப்பாவி! தான் குடிக்காத விஷத்த ஆத்தாளுக்கு ஊத்துறாரு பாருங்கடா!" என்று கத்தினான் ரோலோ.

மாஸ்ட்ரோ பின்வாசலைத் தேடினார். மனு முன்வாசலிலிருந்து கைமாறி வந்தது. மூடிய பேனாக்கள் திறந்தன. தாள் பறக்காமலிருக்க யாரோ அதன்மேல் ஒரு மனசாட்சிக் கல்லை வைத்தார்கள். அந்தக் கல் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

ஆற்றுக்கு நன்றி சொன்னது போதும், படித்தவர்களே. குழாய் யாருடையது என்று கேளுங்கள்.