நான் தொலைத்த கேலக்சிக் கூட்டங்கள்

சில முட்டாள்தனங்களைச் செய்ய நிறையப் படித்திருக்க வேண்டும். நான் அதற்காக ஆறு வருஷம் படித்தேன்.

முதுகலை ஆய்வுக்கு என்னிடம் கேலக்சிக் கூட்டங்களின் இரண்டு பட்டியல்கள் இருந்தன. ஒன்று, சாதாரண ஒளியில் எடுத்த படங்களைப் பார்த்துப் போட்டது. மற்றது மைக்ரோவேவில் பிடித்தது. கூட்டத்துக்குள் இருக்கும் சூடான வாயு, வானமெங்கும் பரவியுள்ள பழைய மைக்ரோவேவ் கதிர்களில் ஒரு தடம் விட்டுவைக்கும். (சோறு சூடு பண்ணும் மைக்ரோவேவ் இல்லை. அம்மாவிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன்.) இரண்டு பட்டியலும் வானத்தில் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றனவா என்று ஒப்பிடுவது என் வேலை.

ஒப்பிட்டேன். ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

மூளை உள்ளவள் பிழையைத் தேடியிருப்பாள். நான் புக்கிட் ரம்பாயில் எங்கள் வீட்டு ஹாலில் குதித்தேன். வாயுவே இல்லாத கூட்டங்கள், உலகத்திலேயே முதலில் கண்டவள் நான்! திங்கட்கிழமை பேராசிரியர்கள் முன்னால் ஆய்வு முடிவைப் படைக்க வேண்டும். சொதப்பினால் உதவித்தொகை நின்றுவிடும், படிப்பும் அதோடு சரி.

அம்மா குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்: ‘என் மகள் வானத்தில் காணாமல் போனதைக் கண்டுபிடித்துவிட்டாள்.’ மெர்லிமாவில் இருக்கும் அத்தை உடனே பதில் போட்டார்: ‘போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணியாச்சா?’

ஞாயிற்றுக்கிழமை புலாவ் செபாங்கில் சித்தப்பாவின் புது வீட்டுக்குக் குடிபோகும் விசேஷம். அம்மா என் லேப்டாப்பைப் புது டிவியில் மாட்டச் சொன்னார். மீஹூன் நூடுல்ஸ் தட்டோடு முப்பது சொந்தக்காரர்கள். பிரபஞ்சத்தையே நான் பெற்றெடுத்த மாதிரி பேசினேன்.

சித்தப்பா ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் பார்ப்பவர். இரண்டு பட்டியலும் தெரிந்த டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“ஏம்மா, இந்த லிஸ்டுல இருவத்து நாலத் தாண்டி ஒரு நம்பரும் இல்லையே. அந்த லிஸ்டு மட்டும் முந்நூத்தம்பதுக்கு மேல போவுது.”

“அதனாலென்ன சித்தப்பா?”

“இது டிரேன் டைம் மாதிரி இருக்கு. மணிதான்லா.”

லேப்டாப்பை என் பக்கம் இழுத்தேன். வானத்தை மணியிலும் அளப்பார்கள், டிகிரியிலும் அளப்பார்கள். ஒரு மணிக்குப் பதினைந்து டிகிரி. முதல் வருஷப் பாடம். நான் மணியையும் டிகிரியையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கிறேன்.

அங்கேயே பதினைந்தால் பெருக்கினேன். பெரிய பெரிய கூட்டங்களெல்லாம் மளமளவென்று ஜோடி சேர்ந்தன. என் கண்டுபிடிப்பு முப்பது பேர் முன்னிலையில் செத்துப்போனது.

“ரெண்டு டிகிரி வாங்கப்போற புள்ளைக்கு டிகிரி தெரியலையே,” என்றார் அம்மா. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து எனக்கு மீஹூன் புரையேறியது.

திங்கட்கிழமை, ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த முடிவைச் சரியாகச் சொன்னேன். உதவித்தொகை தப்பியது. ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் முதல் பெயர் சித்தப்பாவுடையது.

போன வருஷம் எனக்குக் கல்யாணம். பத்திரிகையில் முகூர்த்தம் காலை ஒன்பது மணி என்று தெளிவாகத்தான் போட்டிருந்தோம். பாதிச் சொந்தம் தாலி கட்டி முடித்த பிறகு சாவகாசமாக வந்து சேர்ந்தது. ஏன் லேட் என்று கேட்டால், மெர்லிமாவ் அத்தை கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்:

“ஒன் கல்யாணமாச்சே, டிகிரின்னு நெனச்சிட்டோம்லா.”