மூன்றாம் ஓலையில் எழுந்து நின்றவன் எழுதுவது

கரிக்கலாம்பாக்கம்,
புதுச்சேரி.

டிவியில் எட்டு மணி விவாதத்தை நடத்தித் தரும் மதிப்புமிகு தணிகைவேல் அவர்கள் சமூகத்துக்கு, கரிக்கலாம்பாக்கம் அருள்தாஸ் கைகூப்பி எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் என் மனைவி சகாயராணியும் மகள் சுவேதாவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. தாங்களும் தங்கள் விவாதத்துக்கு வருகிற பெரியவர்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். தினமும் பார்க்கிறேனே, ஒருவர் முகத்திலும் ஒரு வாட்டம் இல்லை.

நான் மின்சார வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். கம்பம் ஏறி ஏறி முழங்கால் போனதுதான் மிச்சம், வெளிநாட்டு விவகாரம் எதிலும் எனக்குப் பழக்கம் கிடையாது. இந்தச் சண்டை மூளும்வரை அந்த நாடு தேசப்படத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. பெயரை எழுதினால் சகாயராணி சிலுவை போட்டுக்கொள்கிறாள், அதனால் அந்த நாடு, அந்த அதிபர் என்றே எழுதுகிறேன், தாங்கள் புரிந்துகொள்வீர்கள். சுவேதாவுக்கு நிச்சயம் செய்திருக்கிற பிள்ளை சார்லஸ், கிருமாம்பாக்கம் பாக்யராஜ் அவர்களின் ஒரே மகன், வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறான். லீவு வாங்கி, டிக்கெட் போட்டு, கல்யாணத்துக்கு வந்து சேர வேண்டியவன். சண்டை அந்தப் பக்கமும் பரவியதும் விமானத்தை நிறுத்தினார்கள், விட்டார்கள், திரும்பவும் நிறுத்தினார்கள். அந்தப் பிள்ளை முழுசாக ஊர் வந்து சேருவானா என்பது ஒன்றுதான் ஐயா எனக்குத் தெரிய வேண்டும். எல்லாம் அந்த அதிபர் கையில்தான் இருக்கிறது என்று தாங்கள் சொன்னீர்கள். அந்த அதிபர் மனதில் என்ன இருக்கிறது என்பது தங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும் என்றும் சொன்னீர்கள். நம்பி உட்கார்ந்தேன்.

முதல் நாள் தங்கள் மீசைக்கார ராணுவ அதிகாரி, ஓய்வு பெற்றவர், அதிபர் நிதானமாகக் காய் நகர்த்துகிறார், வாரக் கடைசிக்குள் சண்டை முடிந்துவிடும் என்று மேசையைத் தட்டிச் சொன்னார். அவர் தட்டிய தட்டில் எனக்குத் தெம்பு வந்து, விடிந்ததும் பந்தல்காரர் கண்ணையனிடம் போய் வாசலில் பந்தல் போடச் சொல்லிவிட்டு வந்தேன். அன்று இரவே தாங்கள் பேராசிரியரைக் கூப்பிட்டீர்கள். அதிபர் தடுமாறுகிறார், யார் பேச்சையும் கேட்பதில்லை, வளைகுடா முழுவதும் தீப்பிடிக்கும் என்றார் அவர். ஓடிப்போய்ப் பந்தல் வேண்டாம் என்றேன். அதற்கடுத்த நாள் அதிபர் ஒரு பேட்டியின் நடுவில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதைத் திரும்பத் திரும்பக் காட்டினீர்கள், வட்டம் போட்டுக் காட்டினீர்கள், மெதுவாக ஓடவிட்டும் காட்டினீர்கள். களைத்துவிட்டார், சமாதானத்துக்கு இறங்கி வருகிறார் என்றார் மீசைக்காரர். இல்லை, குறி பார்க்கிறார் என்றார் பேராசிரியர். ஓரத்தில் உட்காரும் அரசியல் விமர்சகர் மட்டும் வழக்கம்போல, இதை நான் அன்றே சொன்னேன் என்றார். எதைச் சொன்னார் என்று தாங்களாவது கேட்டிருக்கலாம். நான் மீசைக்காரர் பக்கம் சாய்ந்து மறுபடியும் பந்தலுக்குச் சொல்லப் போனேன். கண்ணையன் பீடியைக் கீழே போட்டுவிட்டு, “இன்னா சார், எங்கியோ ஒரு ஆளு கண்ணாடி தொடச்சா நான் இங்க கம்பு நடணும், மூக்கச் சொறிஞ்சா புடுங்கணுமா? எனக்கு வேற வூட்டு வேல இல்லியா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

வீட்டில் என் நிலைமை அதைவிட மோசம். சகாயராணி தன் தொடரைப் பறிகொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுகிறாள். அதிபர் முகம் திரையில் வரும்போதெல்லாம், “அந்த ஆளு வூட்டுல யாரும் இல்லியா? போதும் வா, சாப்புடலாம்னு ஒருத்தி சொன்னா இன்னாவாம்?” என்கிறாள். தங்கள் விவாதத்தில் இதுவரை யாரும் இந்தக் கோணத்தைத் தொடவில்லை. சுவேதா சங்கதி வேறு. திருபுவனையில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள், கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் அடுக்களையில் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் காய் நறுக்குவாள். அவள் அனுப்பிய செய்தியை சார்லஸ் பார்த்துவிட்டான் என்று தெரிந்தால் சாப்பிடுவாள். இல்லாவிட்டால் பசியில்லை என்பாள். என் மகள் பசியில்லை என்று சொல்வதைக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. அந்தப் பயத்தில்தான் நான் இந்த முட்டாள்தனத்தைச் செய்தேன், அதைத்தான் இனி எழுதப் போகிறேன்.

கத்தோலிக்கர்களான எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, ஏதேனும் தடை இருப்பதாகத் தெரிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் படிப்பார். யாரும் எதையும் தெரிவிக்க மாட்டார்கள். என் ஆயுசில் ஒருவரும் எழுந்து நான் பார்த்ததில்லை. முதல் ஓலையும் இரண்டாம் ஓலையும் நல்லபடியாக முடிந்தன. மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை தாங்கள் சிறப்பு விவாதம் வைத்தீர்கள். பேராசிரியர் நேராக என் முகத்தைப் பார்த்து, அதிபர் இனிப் பின்வாங்க மாட்டார், ஆறு மாதத்துக்கு அங்கிருந்து ஒருவரும் ஊர் திரும்ப முடியாது, இது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள் அத்தனை பேரும் குற்றவாளிகள் என்றார். எனக்குத் தூக்கம் போயிற்று. காலையில் கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஜெயசீலன் சாமியார் ஓலையைப் படித்துவிட்டு, ஏதேனும் தடை தெரிந்தவர்கள் என்று சொல்லி மூச்சு விட்டார். எனக்குத்தான் தெரியுமே, தெரிந்தும் சும்மா இருந்தால் பாவம் அல்லவா என்று கால் தானாக எழுந்துவிட்டது. “சாமி, தடை இருக்குது” என்றேன்.

ஐயா, பொண்ணைப் பெற்றவனே எழுந்து தடை சொன்னால் அந்தக் கோயில் எப்படி இருக்கும் என்று தாங்களே நினைத்துப் பாருங்கள். ஆர்மோனியத்தில் கை வைத்திருந்தவர் அப்படியே அழுத்தினார், அது ஒரு சத்தம் போட்டது. பெண்கள் பக்கம் சகாயராணி முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். “இன்னா தடை?” என்று சாமியார் கேட்டார். அதிபர் பின்வாங்க மாட்டாராம் சாமி, நேற்று எட்டு மணிக்குச் சொன்னார்கள் என்றேன். அவர் ஓலையை மடித்துக்கொண்டே, “ஏற்கெனவே கல்யாணம் ஆனவனா, உறவு முறை தப்பா, இதத்தான்பா தடைன்னு கேக்குறது. உக்காரு அருள்தாசு” என்றார். உட்கார்ந்தேன். ஆனால் பின்வரிசையில் இருந்தவர்கள் காதில் ஏற்கெனவே கல்யாணம் ஆனவன் என்பது மட்டும் விழுந்திருக்கிறது. சம்பந்தியின் தங்கை எங்கள் கோயில் பங்கில்தான் குடியிருக்கிறார். பூசை முடிந்து நான் செருப்பைத் தேடி மாட்டுவதற்குள், சார்லசுக்கு அங்கே ஒரு குடும்பமே இருக்கிறது என்ற செய்தி கிருமாம்பாக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. தங்கள் சேனல்கூட அவ்வளவு வேகமாகக் கொடுத்ததில்லை.

அன்று இருட்டியதும் வண்டியை எடுத்துக்கொண்டு பாகூர் வழியாகச் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். காலில் விழுந்தாவது விளக்கிவிட வேண்டும் என்றுதான் போனேன். உள்ளே நுழைந்தால் அங்கேயும் டிவியில் தாங்கள்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பாக்யராஜ் என்னை உட்காரச் சொல்லவில்லை. “எம் புள்ளைக்கு அங்க குடும்பம் இருக்குதுன்னு சொன்னியாமே” என்றார். அப்படிச் சொல்லவில்லை சம்பந்தி, பேராசிரியர் சொன்னதைத்தான் சொன்னேன் என்றேன். “அந்தப் பேராசிரியர் ஒரு டுபாக்கூர். மீசைக்காரர் சொன்னத நீ பாக்கலியா? அதிபரு ரெண்டே வாரத்துல முடிச்சுடுவாரு” என்றார். மீசைக்காரர் கண்ணாடி விஷயத்திலேயே கோட்டை விட்டவர் என்றேன் நான். அவர் மீசைக்காரரை விட்டுக்கொடுக்கவில்லை, நான் பேராசிரியரை விட்டுக்கொடுக்கவில்லை. சமாதானத்துக்குப் போனவன் நின்றுகொண்டே அரை மணி நேரம் சண்டை போட்டேன். அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த சார்லசின் அம்மா, டிவியை அணைத்துவிட்டு, “எம் புள்ள அங்க கட்டிலுக்கு அடியில படுத்துக்கினு இருக்கான். நீங்க ரெண்டு பேரும் எவன் கெலிப்பான்னு பேசிக்கினு இருக்கீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. பாக்யராஜும் தலையைக் குனிந்துகொண்டார். சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். கல்யாணம் இருக்கிறதா இல்லையா என்று இரண்டு வீட்டிலும் யாரும் வாய் திறக்கவில்லை.

ஆகையால் ஐயா, இந்தக் கடிதத்தின் நோக்கம் இதுதான். நான் வேலையில் இருந்த காலம் முழுக்க, புயல் அடித்துக் கம்பி அறுந்து கிடக்கும்போது ஊரே என்னைச் சூழ்ந்துகொண்டு கரண்டு எப்போது வரும் என்று கேட்கும். தெரியாது என்று சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவன் நான். திட்டினார்களே தவிர, என் பேச்சைக் கேட்டு யாரும் கோயிலில் எழுந்து நிற்கவில்லை. தங்கள் மேசையில் இத்தனை நாளாக இத்தனை பெரியவர்கள் உட்கார்ந்தார்களே, எனக்குத் தெரியவில்லை என்ற வார்த்தை ஒருவர் வாயிலிருந்தாவது வந்ததா? அந்த அதிபருக்கே நாளைக்கு என்ன செய்வோம் என்று தெரியுமா என்பது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் நிகழ்ச்சி இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்றால் முடியட்டும், மிச்ச நேரத்துக்குப் பாட்டுப் போடுங்கள். கேபிள்காரரிடம் என் வீட்டு இணைப்பை நாளையே துண்டிக்கச் சொல்லிவிட்டேன். இனி இந்த வீட்டில் யாரும் அதிபர் என்ன நினைக்கிறார் என்று யாருக்கும் சொல்லப்போவதில்லை.

தங்கள் வீட்டில் பெரியவர்கள் கால் வலி இல்லாமலும், பிள்ளைகள் கண்ணெதிரிலும் இருக்க மாதாவை வேண்டிக்கொள்ளும்,
தங்கள் முன்னாள் நேயர்,
ம. அருள்தாஸ்.

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடவில்லை. சுவேதா போனில் படம் எடுத்துத் தங்கள் நிகழ்ச்சி எண்ணுக்கு அனுப்புகிறாள், எட்டு மணிக்குள் தாங்கள் படித்தாக வேண்டும். கையெழுத்துப் போட்டு முடித்த நேரம் சார்லஸ் கூப்பிட்டான். அவன் பேச்சுக்குப் பின்னால் ஆபத்துச் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கல்யாணத்தைப் பற்றியோ கோயிலில் நடந்ததைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. “மாமா, நீங்கதான் தெனம் பாக்குறீங்களாமே, அந்த ஆளு இன்னா பண்ணப் போறாராம்?” என்றான். நான் தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன் ஐயா. “இன்னும் ரெண்டு நாள்ல முடிச்சுடுவாராம்பா, பேராசிரியரே சொல்லிட்டாரு, நீ தைரியமா இரு” என்றுதான் வந்தது. ரூமில் இருக்கிற பையன்களுக்கும் சொல்கிறேன் மாமா, இன்றைக்கு எல்லோருமாகப் போனில் எட்டு மணி விவாதம் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சுவேதா கேபிள்காரருக்குப் போன் போட்டு, துண்டிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எனவே மேலே எழுதியதை எல்லாம் தயவுசெய்து மறந்துவிட்டு, இன்று பேராசிரியரைக் கூப்பிட்டு, இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள். உண்மையாக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை, அந்தப் பிள்ளைகள் நம்பும்படி சொன்னால் போதும்.