ஒன்றரை சதுர மீட்டர்

இனிமேல் என் வீட்டில் நான் உட்காரப் போகிறேன் என்று முடிவு செய்தேன். சிரிக்காதீர்கள். பதினேழு வருஷமாக நிற்கிறேன்.

என் மனைவி வீட்டிலேயே தையல் கடை நடத்துகிறாள். சோபாவில் தைத்த துணி, நாற்காலியில் தைக்காத துணி, கட்டிலில் பிரித்துத் தைக்க வேண்டிய துணி. ஆபீஸ் விட்டு வந்தால் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் நிற்கிற மாதிரி நின்றுதான் பேப்பர் படிப்பேன். நிம்மதியாக உட்கார மிச்சமிருந்தது கழிவறை ஒன்றுதான். போன மாதம் அங்கேயும் நூல்கண்டுகளை அடுக்கிவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான் குமாஸ்தா. எதையும் எழுதிக் கேட்டு, கையெழுத்து வாங்குவதுதான் எங்கள் ஆபீஸ் பழக்கம். பரணில் கிடந்த என் சாய்வு நாற்காலியை ஏறி அளந்தேன். அகலம் முக்கால் மீட்டர். காலை நீட்டினால் நீளம் இரண்டு மீட்டர். பெருக்கினேன். கூடத்தில் ஒன்றரை சதுர மீட்டர் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் ஒரு மனு எழுதி நீட்டினேன்.

வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டுப் படித்தாள்.

"கொடுத்தாப் போச்சு. அகலத்தை நான் சொல்றேன், நீளத்தை நீங்க கணக்குப் போட்டுச் சொல்லுங்க. துணிக்கடையில அப்படித்தானே கிழிக்கிறாங்க."

"அகலம் எவ்வளவு?"

"கால் மீட்டர்."

சன்னலோரம் போய் ஒன்றரையை நாலால் வகுத்தேன். முப்பத்தேழரை சென்டிமீட்டர் வந்தது. பூனைகூடச் சுருண்டுதான் படுக்க வேண்டும். இந்த ஜென்மத்தில் உட்கார முடியாது என்று மனசு விட்டுப்போனது. அப்புறம்தான் உறைத்தது. காலால் வகுப்பது வேறு, நாலால் வகுப்பது வேறு. ஒன்றரைக்குள் எத்தனை கால் இருக்கிறது என்றல்லவா பார்க்க வேண்டும்? ஒன்றுக்குள் நாலு, அரைக்குள் இரண்டு. ஆக, ஆறு. ஆறு மீட்டர் நீளம்!

வகுத்தால் குறையும் என்று அவளும் ஏமாந்திருக்கிறாள். அவள் சுதாரிப்பதற்குள் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

"ஆறு மீட்டர் வருது," என்றேன், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"சரி, எழுதுங்க."

"அப்புறம் மாத்திப் பேசக் கூடாது."

"நான் எதுக்கு மாத்தப் போறேன்? நீங்க மாத்தாம இருந்தா சரி."

அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து ஒரே பேச்சில் அவள் எதற்கும் சம்மதித்ததில்லை.

கையெழுத்தைப் போட்டவள் தையல் சாக்கட்டியை எடுத்தாள். வாசல் கதவில் ஆரம்பித்து, சுவரை ஒட்டியே, சமையலறைத் தொட்டி வரைக்கும் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். கோட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அதுதான் என் இடமாம்.

நாற்காலியை இறக்கி வைத்துப் பார்த்தேன். இரண்டு கால்கள் உள்ளே நின்றன. மற்ற இரண்டும் அவள் இடத்தில் இருப்பதாக உடனே ஆட்சேபணை வந்தது.

"இதுல எப்படிம்மா உட்கார்றது?"

"உட்காரணும்னு மனுவில எங்க எழுதியிருக்கீங்க? ஒன்றரை சதுர மீட்டர்னுதானே கேட்டிருக்கீங்க."

மனுவை வாங்கிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. ஆறையும் காலையும் பெருக்கிப் பார்த்தேன். பாழாய்ப்போன ஒன்றரை சரியாகவே வந்தது. மேல்முறையீடு செய்ய வீட்டில் வேறு அதிகாரியும் இல்லை. நாற்காலியைத் திரும்பப் பரணில் ஏற்றிவிட்டு, சுவரோடு சுவராக என் இடத்தில் போய் நின்றேன்.

ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த இரண்டு பெண்கள் சோபாவில் இருந்த துணியை ஒதுக்கிவிட்டு வசதியாக உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, தொட்டி வரைக்கும் உங்க இடம்தானே, யாரும் குறுக்க வர மாட்டாங்க," என்றாள் மனைவி. "இவங்க குடிச்ச டம்ளரை எடுத்துட்டுப் போய் அப்படியே கழுவி வச்சிருங்க."

கோட்டை மிதித்துவிடாமல் எடுத்துக்கொண்டு போனேன்.